புள்ளி வைத்த தட்டு

இல்லத்தின் இப்போதைய காப்பாளர் போன வாரம் போன் செய்தார். எனக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். கொரோனாவுக்குப் பிறகு பையன்கள் ஆளுக்கொரு தட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்களாம். பெயர் வெட்டின தட்டு, பூப்போட்ட தட்டு, மூடி போட்ட டிபன் பாக்ஸ் என்று சாப்பாட்டுக் கூடம் பாத்திரக்கடை மாதிரி இருக்கிறதாம்.

"பழைய முறைக்கே போயிடலாம்னு பாக்கறேனுங்க சார். நீங்க எப்படி நடத்துனீங்கன்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்" என்றார்.

நாலு வரிக்குள் அடங்குகிற சமாச்சாரமில்லை என்றேன். அப்படியானால் விரிவாகவே எழுதுங்கள், இல்லத்தின் ஆண்டு மலரில் போட்டுவிடலாம் என்று அவரே முடிவும் செய்துவிட்டார். ரிட்டயர் ஆனவனுக்கு வேலை கொடுப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம்.

மலரைப் படிக்கப்போகிற வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். இது அரசு விடுதி இல்லை. அதியமான்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் அறக்கட்டளை நடத்துகிற மாணவர் இல்லம். தருமபுரியில் வெவ்வேறு கல்லூரிகளில் படிக்கிற அறுபத்துச் சொச்சம் பையன்கள் சேர்ந்து தங்குகிறார்கள். சமையலுக்கு ஒரு அக்காவும் அவருக்கு உதவிக்கு ஒருவரும் உண்டு. மற்றதெல்லாம் பையன்கள் பாடு. செயலாளரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், முறைப்பட்டியல் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டு அடித்துக்கொள்வார்கள். அவர்கள் இதை ஹாஸ்டல் என்று சொல்ல மாட்டார்கள், 'வூடு' என்பார்கள். காப்பாளருக்கு அதிகாரம் என்று பார்த்தால் கையெழுத்து ஒன்றுதான்.

நான் இங்கே ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தவன். ஏழு வருஷம் அரிசியில் வண்டு பார்த்தேன், பருப்பில் கல் பார்த்தேன். அதற்குமேல் அந்த ஏழு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் என்னைக் காப்பாளராக்கினார்கள். ஆக்கியவர் தலைமைக் காப்பாளர். இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் பெரிய சார் என்போம். வாரத்தில் இரண்டு நாள் வருவார்.

பெரிய சார் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. நேற்றுச் சேர்ந்த பையனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். யார் வந்து என்ன புகார் சொன்னாலும் முதலில் ஒரே வார்த்தைதான்: "அப்படிங்களா." அதைச் சொல்லிவிட்டு சட்டைப்பையிலிருந்து நிலக்கடலை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்துவிடுவார். எதிரில் நிற்கிறவனுக்கு அந்த அமைதி தாங்காது. மறைத்துவைத்த மிச்சக் கதையையும் அவனே கொட்டிவிடுவான். நான் அதைக் கற்றுக்கொள்ள முயற்சி செய்து பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டாவது கடலையை உரிப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவேன்.

தட்டு முறை அவர் கொண்டுவந்ததுதான். இல்லத்தில் எண்பது எவர்சில்வர் தட்டுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியவை. ஒன்றிலும் பெயர் கிடையாது, எண் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவும் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவனவன் தட்டை அவனவன் கழுவக் கூடாது. அன்றைக்கு எந்த அறைக்கு முறையோ அந்த அறைக்காரர்கள்தான் எல்லோர் தட்டையும் கழுவ வேண்டும். மேடையில் நான்கு தொட்டிகள். முதல் தொட்டியில் எச்சிலைத் தட்டி அலசுவது, இரண்டாவதில் சோப்புத் தண்ணீரில் தேய்ப்பது, மூன்றாவதில் நல்ல தண்ணீரில் முக்குவது, நான்காவதில் கொதிக்கிற தண்ணீரில் இடுக்கியால் பிடித்து எடுப்பது. பிறகு கம்பித் தட்டியில் கவிழ்த்துக் காயவைத்து, அடுக்கித் தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் வைப்பார்கள். சாப்பிட வருகிறவன் மேலாக இருக்கிற தட்டை எடுக்க வேண்டும். அடுக்கைக் கிளறிப் பொறுக்கினால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்கவேண்டி வரும்.

இந்த ஊர்ப்பக்கம் இதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை. எந்தத் தெருப் பையன் சாப்பிட்ட தட்டு எந்தத் தெருப் பையனுக்கு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் முறை.

சேர்க்கை நாளில் அப்பா அம்மாக்களும் பந்தியில் உட்கார்ந்து அதே தட்டுகளில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் அந்தத் தட்டுகளையெல்லாம் மூன்றாம் வருஷப் பையன்கள் அவர்கள் கண்ணெதிரிலேயே கழுவுவார்கள். புதுப்பையனை இந்த வீட்டில் சேர்த்துக்கொள்கிற சடங்கு இது ஒன்றுதான். ராகிங் கீகிங் எல்லாம் கிடையாது. பெரிய சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் தொட்டிப் பக்கத்தில் நிற்பார். ஒருமுறை ஒரு பெரியவர், தான் வெளியில் எங்கும் கை நனைப்பதில்லை என்றார். "அப்படிங்களா" என்றார் பெரிய சார். ஒரு கடலை உரித்தார். "ரெண்டரைக்கு ஒரு பஸ் இருக்குதுங்க" என்றார். பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய சில வருஷங்களில் ஒன்று அது. தீர்த்தகிரி செயலாளர். இது அவன் உண்மையான பெயரில்லை. அடுத்து வரப்போகிற மாதேஷும் உண்மையான பெயரில்லை. தீர்த்தகிரி அரூர்ப் பக்கத்துப் பையன், ஊருக்கு வெளியே இருக்கிற காலனியிலிருந்து வந்தவன். இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் படித்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் வருஷம் செயலாளர் ஆனான். முறைப்பட்டியல் அவன் கையெழுத்தில் அச்சடித்த மாதிரி இருக்கும். அவன் காலத்தில் ஒரு நாள்கூட தட்டு ஈரமாகக் கூடத்துக்கு வந்ததில்லை.

மாதேஷ் முதல் வருஷம். மாரண்டஹள்ளியிலிருந்து வந்தவன். தக்காளி, பீன்ஸ் போடுகிற குடும்பம். நிலபுலம் உண்டு, ஆனால் அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். ஒல்லியாக, பேசாமல் இருப்பான். சேர்ந்த சில மாதங்களில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. காரணம், கொதிதண்ணீர்த் தொட்டியில் நிற்க யாருக்கும் பிடிக்காது, கை வெந்துபோகும். இவன் முறை இல்லாத நாளிலும் தானாகப் போய் அங்கே நிற்பான். தட்டுகளை அடுக்கிக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவான். எல்லோரும் சாப்பிட்டபிறகு கடைசி ஆளாக உட்காருவான். சமையல்கார அக்கா என்னிடம் வந்து, "பெத்தா இப்படி ஒண்ணு பெக்கோணும் சார். ஊரே தின்னப்புறந்தான் அது சோத்துல கை வெக்கிது" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் காலையில் தீர்த்தகிரி அலுவலகத்துக்கு வந்தான். முகம் இறுகியிருந்தது.

"சார், ஒரு தட்டுல புள்ளி இருக்குதுங்க."

"ஓட்டையா?"

"இல்லீங்க சார். வெச்ச புள்ளி. விளிம்புக்கு அடியில ஆணியால தட்டியிருக்குது. காய வெச்சத எடுத்து அடுக்கறப்ப விரல்ல பட்டுச்சு."

அவன் உடனே கத்தவில்லை. நாலு நாள் கவனித்திருக்கிறான். அந்தத் தட்டு மற்ற தட்டுகளோடு சேராமல் ஒவ்வொரு வேளையும் அடுக்கின் அடியிலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு வேளையும் கடைசியில் அதை எடுத்தவன் மாதேஷ். சாப்பிட்டதும் மேடையில் வைக்காமல் தானே நேராகக் கொதிதண்ணீரில் இரண்டு தடவை போட்டு எடுத்திருக்கிறான்.

"நாங்க சாப்புட்ட தட்டு அவனுக்கு ஆவலை போலிருக்குதுங்க சார்" என்றான் தீர்த்தகிரி. "அஞ்சாறு மாசமா எங்க கண்ணு முன்னாலயே பண்ணியிருக்கான். நாங்க அவனை நல்லவன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறோம்."

எனக்குச் சுரீரென்றது. நானும் மாதேஷ் குடும்பம் மாதிரியான குடும்பத்துக்காரன்தான். அது இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். நம்ம ஆளு என்று காப்பாளர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற பேச்சு மட்டும் வந்துவிடக் கூடாது என்று அந்த நொடியில் நினைத்தேன். மாதேஷைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பெரிய சாருக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்படிங்களா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காரணம் கேட்டீங்களா?" என்றார்.

"காரணம் தெரிஞ்சதுதானுங்களே சார்."

"தெரிஞ்சதுன்னா சரிங்க."

அவர் சம்மதம் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் கூட்டம். காப்பாளர் சுவரோரம் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது முறை. தீர்த்தகிரி அந்தத் தட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். பையன்கள் ஒவ்வொருவராக வந்து புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். அப்புறம் அவன் பேசினான். ஏழாவது படிக்கும்போது சிநேகிதன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டதையும், அந்த வீட்டம்மா கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றியதையும் சொன்னான். "அன்னிக்கு சட்டையெல்லாம் நனைஞ்சுதான் வூட்டுக்குப் போனேன். இந்த வூட்டுக்கு வந்தப்புறந்தான் அது எனக்கு மறந்துச்சு" என்றான்.

குற்றம் சாட்டப்பட்டவன் கடைசியில் பேச வேண்டும். மாதேஷ் எழுந்து நின்றான்.

"புள்ளி வெச்சது நீதானே?"

"ஆமாங்கண்ணா."

"ஏன் வெச்ச?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எனக்கு அப்படியே பழகிடுச்சுங்கண்ணா" என்றான்.

அந்த வார்த்தைக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? கை தூக்கச் சொன்னார்கள். அத்தனை கையும் எழுந்தது. ஒரு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்ற தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். வெளியேற்றப்படுகிறவன் பெட்டி கட்டும்போது காப்பாளர் கூடவே நிற்க வேண்டும் என்று இன்னொரு முறை உண்டு. யாரும் யார் பொருளையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நின்றேன். அவன் துணிகளை மடித்து வைத்துவிட்டு வராந்தாப் பரணை இரண்டு மூன்று தடவை அண்ணாந்து பார்த்தான்.

"சார், ஒரு அஞ்சு நிமிசம் என்னையத் தனியா வுடறீங்களா?"

"முறை இல்லைப்பா" என்றேன்.

சரிங்க சார் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இல்லம் கிடைக்காவிட்டால் அவன் படிப்பு அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வந்து, அங்கிருந்து தருமபுரிக்கு பஸ் மாறி, காலை எட்டே முக்காலுக்கு லேப் தொடங்குகிற கல்லூரிக்குத் தினமும் வந்துபோக அவன் உடம்பு தாங்காது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்றும் ஞாபகம்.

ஆறாம் நாள் சனிக்கிழமை காலை பழைய பேப்பர்க்காரர் வந்தார். பரணில் ஏறிக் கட்டுகளை இறக்கினோம். இரண்டாவது கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. உள்ளே மாத்திரை அட்டைகளும், நாலாய் மடித்த ஒரு மருத்துவமனை அட்டையும் இருந்தன. பிரித்தேன். மாதேஷின் பெயர். காசநோய் சிகிச்சை. நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. நாள்தோறும் போட்ட மாத்திரைக்கு அவனே பேனாவால் டிக் அடித்திருந்தான். டிக் போன ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு போடவேண்டிய மாத்திரை முழுவதும் என் கையில் இருந்தது.

நான் பேப்பர் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சீக்கு வந்தால் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். என் சொந்தத்திலேயே அப்படி ஒரு தட்டை நான் பார்த்திருக்கிறேன். அவன் எங்கள் தட்டுக்குப் பயந்து புள்ளி வைக்கவில்லை. அவன் தட்டு எங்களில் ஒருவனுக்கு வந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிறான்.

"சார், எந்திரிச்சீங்கன்னா எடை போட்டுக்குவேனுங்க" என்றார் பேப்பர்க்காரர்.

இந்த மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிச் சுவரிலெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். பாலக்கோட்டில் மாறி மாரண்டஹள்ளியில் இறங்கி, தோட்டத்து வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் தக்காளிப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சுவரில் பாதி வரைக்கும் புது பெயிண்ட். மாதேஷின் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க சார், வாங்க. என் பையன் அப்படி என்னாங்க கொலைக்குத்தம் பண்ணிட்டான்? தட்டுல ஒரு புள்ளி வெச்சதுக்கு வூட்ட வுட்டே தொரத்துவாங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் குனிந்தார். "நாங்களும் உங்களாட்டந்தானுங்களே. உங்களுக்குத் தெரியாததுங்களா? அவனவன் சுத்தபத்தம் அவனவனுக்கு."

மகனைப் பற்றி அவருக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. மறுபடி ஒரு கூட்டம் போடலாமா என்று பையனிடம் பேச வந்தேன் என்று மட்டும் சொன்னேன். மோட்டார் கொட்டகைப் பக்கம் இருப்பான் என்று கை காட்டினார்.

மாதேஷ் பீன்ஸ் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் கவரை நீட்டினேன். அவன் வெடுக்கென்று வாங்கி, மாத்திரைகளைப் பிய்த்து, குழாயில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்து விழுங்கினான். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன். அவனே பேசினான்.

கல்லூரியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இருமல். ரத்ததானத்துக்குப் போகிறேன் என்று நண்பர்களிடம் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். சோதித்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. அவன் அக்காவுக்கு ஓசூர்ப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பங்குனியில் கல்யாணம்.

"எங்க தாத்தாவுக்கு இந்த நோவு இருந்துச்சுன்னு தெரிஞ்சு எங்க அத்தைக்கு வந்த சம்பந்தம் நின்னுபோச்சுங்க சார். அத்தை இன்னிக்கு வரைக்கும் எங்க வூட்டுலதான் இருக்குது. அக்காவும் அப்படி ஆயிடுமேன்னு பயந்துட்டேன்."

"மாத்திரையை விட்டுட்டு வந்துட்டியே, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருக்கலாமேப்பா?"

"தொலைச்சுட்டேன்னு சொன்னா வூட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பாங்களோன்னு பயமுங்க."

"என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? அத்தனை பேரு உன்னைச் சாதி பாக்கறவன்னு நெனச்சு வெளிய அனுப்புனாங்களே. அதுக்கு ஏன் தலையாட்டுன?"

அவன் கொஞ்ச நேரம் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"சாதின்னு நெனச்சா திட்டுவாங்க சார், அவ்வளவுதானே. சீக்குன்னு தெரிஞ்சா யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க" என்றான்.

எண்பது தட்டையும் ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டோம் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்ட வீடு எங்களுடையது. அந்த வீட்டில் ஆறு மாசம் இருந்த பையன் எங்களைப் பற்றிப் போட்ட கணக்கு இது. அவன் கணக்கு தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை அவனைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஐந்து நாள் விட்டதற்கு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு சளியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இனி இவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது, முழுக்க முடித்தால் போதும் என்றார்.

"தட்டுங்க மேடம்?" என்றான் மாதேஷ்.

"எந்தத் தட்டு?"

"நான் சாப்புட்ட தட்டுல வேற ஆளு சாப்புட்டா?"

"இது இருமுனா காத்துல பரவறதுப்பா. தட்டுல பரவாது. என்னைக்குமே பரவாது. யாரு சொன்னா உனக்கு?"

வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தான். கொதிதண்ணீரில் சிவந்து தோல் உரிந்திருந்த விரல்களைப் பார்த்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குப் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

தீர்த்தகிரி ஒருவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவன் நல்ல பையன், புரிந்துகொள்வான் என்று கெஞ்சிப் பார்த்தேன். மாதேஷ் ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்றான். ஒருத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி, அக்கா கல்யாணம் முடியட்டும் என்றான். "மன்னிப்பு கேட்டுடறேன் சார். கேட்டா அண்ணனுங்க சேத்துக்குவாங்க. எனக்குப் படிக்கோணும்" என்றான்.

இதை எழுதுவதற்கு முன் அவனிடம் அனுமதி கேட்டேன். இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். "அக்காவுக்கு ரெண்டு குழந்தைங்க ஆயிடுச்சே சார், எழுதுங்க. பேரை மட்டும் மாத்திடுங்க" என்றான். உன் தீர்த்தகிரி அண்ணன் படிப்பானே என்றேன். "படிக்கட்டும் சார்" என்றான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், மாதேஷிடம் கேட்டுக்கொண்டு, பெரிய சாரின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வழக்கமான வார்த்தையை அவர் சொல்லவில்லை. கடலையும் உரிக்கவில்லை. "நானும் அன்னிக்கு இன்னொரு தடவ கேட்டிருக்கோணும்" என்றார். பிறகு, "கூட்டத்தைப் போடுங்க. நான் வரலை. வந்தா என் மூஞ்சில தெரிஞ்சுடும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். மாதேஷ் எழுந்து நின்றான். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பான் போல. "நான் பண்ணது பெரிய தப்புங்கண்ணா. எங்க ஊருல அப்படித்தான் வளத்தாங்க. இந்த வூட்டுல எல்லாரும் ஒண்ணுன்னு எனக்கு இப்பதான் புரிஞ்சுது. தீர்த்தகிரி அண்ணங்கிட்ட நான் தனியா மன்னிப்பு கேட்டுக்கறேன். என்னைய மறுபடி சேத்துக்கோங்க" என்றான். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தன் அப்பாவையும் ஊரையும் சேர்த்துத் தலைகுனிய வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்திருந்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

தீர்த்தகிரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். கண் கலங்கியிருந்தது. அடுக்கில் மேலாக இருந்த ஒரு தட்டை எடுத்து, அதில் அவனே இட்லி வைத்து, மாதேஷின் கையில் கொடுத்தான். மாதேஷ் நின்றபடியே பிட்டுத் தின்றான். அதே தட்டிலிருந்து தீர்த்தகிரியும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கூடம் அதிரக் கை தட்டினார்கள். சமையல்கார அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கை தட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் தீர்த்தகிரி என்னிடம் வந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களா சார், நம்ம வூடு ஒருத்தனைத் திருத்திடுச்சு" என்றான்.

"ஆமாப்பா" என்றேன்.